தக்களிக்குக் கண்ணாடிப் பெட்டி, ஸ்பிண்டிலுக்குப் பழைய இரும்புக்கடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் உங்கள் பேப்பரில் வாசகர் ஒருவர் அமெரிக்கா போய்வந்த கதையை எழுதியிருந்தார். அதில் பிட்ஸ்பர்க் பற்றி வந்தது நாலே வரி. பெருமாள் கோயில் இருக்கிறது, புளியோதரை நன்றாக இருக்கிறது, மற்றபடி அது ஒரு பழைய இரும்பு ஊர், பார்க்க ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டார். புளியோதரை விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. 1976-லிருந்து வெங்கடேஸ்வரர் அங்கே குன்றின்மேல் நிற்கிறார், நானும் போய்க் கும்பிட்டுவிட்டுத் தொன்னை நிறைய வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் "பார்க்க ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அந்த ஊரில் நான் பார்த்ததை வைத்துத்தான் மதுரையைப் பற்றி ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு பஞ்சாலையில் ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில், 24 வருடம் சைடு பார்த்தவன். முதலில் பதிலி, அப்புறம் நிரந்தரம், அப்புறம் மில்லே நிரந்தரமாக இல்லை. மூடியபோது எனக்கு 45 வயது. வர வேண்டிய பணத்துக்காக எத்தனை வருடம் நடந்தேன் என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு கடிதம். மகள் படித்து, கல்யாணமாகி, பிட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். போன கோடையில் நானும் என் மனைவியும் மூன்று மாதம் அங்கே இருந்தோம். மருமகன் லீவு போட்டு நயாகரா கூட்டிப்போனார், அது எல்லோரும் பார்ப்பது. மீதி நாளெல்லாம் சும்மா இருக்க முடியாமல் பஸ் ஏறி மியூசியம் மியூசியமாகச் சுற்றினோம்.

அலகேனி, மோனோங்கஹேலா என்று இரண்டு ஆறு வந்து சேர்ந்து ஓஹையோ என்று மூன்றாவது ஆறாகப் போகிற இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. மூன்றிலும் தண்ணீர் ஓடுகிறது, வைகைக்காரனுக்கு அதுவே ஒரு காட்சிதான். அந்த ஆற்றங்கரை முழுக்க ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள். புகை எந்த அளவுக்கு என்றால் 1940-களில் பட்டப்பகலில் தெருவிளக்கு எரிய விட்டிருக்கிறார்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள் மத்தியானம் மாற்றிக்கொள்ள இன்னொரு வெள்ளைச் சட்டை எடுத்துப் போவார்களாம், இன்றும் அந்த ஊர்க் கிழவர்கள் சொல்லுகிறார்கள். 1980-களில் ஆலைகள் வரிசையாக மூடின. 1950-ல் 6,76,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்குப்படி சுமார் 3,03,000 பேர்தான். பாதிக்கு மேல் காலி. மதுரையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் போனது ஆண்டி வார்ஹோல் மியூசியம். பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர யார் என்று தெரியாது. ஏழு மாடிக் கட்டிடம், 1911-ல் கட்டிய குடோன், இரும்பு ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வேண்டிய சாமான் வைத்திருந்த இடம். 1994-ல் அதை இந்த ஒரு ஓவியருக்காக மியூசியமாக மாற்றினார்கள். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம், அன்றைக்குப் பாதி டிக்கெட். ராத்திரி பத்து மணிவரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து ஆட்கள் அப்படியே பையோடு வருகிறார்கள், கையில் குழந்தையோடு வருகிறார்கள்.

வார்ஹோல் வரைந்த சூப் டப்பாப் படங்களைப் பார்த்ததும் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, இதுக்கு நம்ம கோபால் பல்பொடி டப்பாவை வரைஞ்சு மாட்டலாமே?" சிரிப்புக்குத்தான் சொன்னாள். எனக்கு அப்புறம் யோசிக்க யோசிக்க அவள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று பட்டது. அந்த ஆள் செய்ததே அதுதான், தினமும் கண்ணில் படுகிற, யாரும் திரும்பிப் பார்க்காத டப்பாவை எடுத்துச் சுவரில் மாட்டி "இப்போ பார்" என்றார். ரோஸ் கலர் பல்பொடி விரலில் ஒட்டுவதும் உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பதும் நமக்கு இருக்கிறது, அதை வரைய ஒரு ஆள்தான் வரவில்லை.

ஒரு அறையில் வெள்ளி நிறத்தில் தலையணை மாதிரி பலூன்கள். ஹீலியம் அடைத்து மிதக்க விட்டிருக்கிறார்கள், விசிறிக் காற்றில் அது பாட்டுக்கு வந்து மூஞ்சியில் மோதும், தள்ளிவிட்டால் போகும். தொடலாமா என்று வாட்ச்மேனைப் பார்த்தேன். தட்டு தட்டு என்று அவரே ஒன்றைத் தட்டிக் காட்டினார். என் பேரன் அங்கிருந்து வரமாட்டேன் என்று அழுதான். உண்மையைச் சொன்னால் நானும் கால் மணி நேரம் நின்று தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு உள்ளே இறங்கியது படங்கள் இல்லை, அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதுதான். இன்று ஸ்லோவாக்கியா என்று சொல்கிற நாட்டின் ஒரு மலைக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரக் குடும்பம். அம்மா காலி டப்பாவையும் காகிதத்தையும் வெட்டிப் பூ செய்து வீடு வீடாக விற்றிருக்கிறார். பையன் பிறந்தது 1928-ல், சின்ன வயதில் நரம்பு நோய் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவன். அந்த ஊர் கார்னகி மியூசியத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படம் வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதில் போய் உட்கார்ந்தவன்தான். வீட்டில் காசு இல்லை, அப்பாவும் 1942-ல் போய்விட்டார், அப்படியும் சனிக்கிழமை போக ஒரு இடம் இருந்திருக்கிறது. நாங்கள் இருந்த லைன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் சுண்ணாம்புச் சுவரில் கரியால் என்னென்ன வரைந்தார்கள் தெரியுமா? அடி வாங்கியதோடு சரி.

கார்னகி என்றதும் அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆண்ட்ரூ கார்னகி இரும்பு முதலாளி. 1892-ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிப் பிரச்சினையில் தொழிலாளிகளைக் கதவடைப்புச் செய்து வெளியே நிறுத்தினார்கள், அவர்களை அடக்கப் படகில் ராத்திரியோடு ராத்திரியாகத் தனியார் காவல்படை 300 பேரைக் கொண்டுவந்தார்கள், விடிகாலையில் துப்பாக்கிச் சண்டை, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். மூன்று வருடம் கழித்து 1895-ல் அதே முதலாளி ஊருக்கு நூலகமும் மியூசியமும் திறந்தார். ஹோம்ஸ்டெட்டுக்கே 1898-ல் ஒரு நூலகம், உள்ளே நீச்சல் குளத்தோடு. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறவன் எப்போது வந்து புத்தகம் படிப்பான் என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்பேன். இருந்தாலும் அந்தப் பூ செய்து விற்ற அம்மாவின் பையன் நுழைந்தது இதே ஆளின் கட்டிடத்தில்தான் என்பதையும் மறைக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

அந்தக் கார்னகி மியூசியத்தில் டைனோசர் எலும்பும் ஓவியமும் ஒரே கூரைக்குக் கீழ். ஓவியம் எல்லாம் பார்த்தோம், பாதி புரிந்தது. புரிந்தோ புரியாமலோ நின்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. 1907-ல் திறந்த ஒரு பெரிய கூடம், ஐரோப்பாவின் கோயில் வாசல்கள், தூண்கள், சிலைகளை அப்படியே அச்சு எடுத்துப் பிளாஸ்டரில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பிரெஞ்சு தேவாலயத்தின் முகப்பு முழுசாக ஒரு பக்கச் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வழியில்லாத ஊர்க்காரர்கள் இங்கேயே பார்க்கட்டும் என்று செய்ததாம். அத்தனையும் நகல். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூணையும் அசலாகவே பார்த்து வளர்ந்தவனுக்கு நகலைப் பார்த்து என்ன பிரமிப்பு என்று நினைக்கலாம். பிரமிப்பு நகலில் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அந்தத் தூண்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தது, டீச்சர் நடுவில் நடந்துகொண்டிருந்தார், யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. நம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு பிள்ளை அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து யாளியை வரைந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது மேட்ரஸ் ஃபேக்டரி. பெயரே மெத்தை ஆலைதான், மெத்தைக் கம்பெனியின் குடோனாக இருந்த கட்டிடத்தை 1977-ல் ஒரு சிற்பி அம்மா எடுத்து கலைஞர்கள் தங்கி வேலை செய்கிற இடமாக மாற்றியிருக்கிறார். பஞ்சு சம்பந்தப்பட்ட பெயர் ஆயிற்றே என்று நான்தான் அடம்பிடித்துப் போனேன். அங்கே படம் எதுவும் மாட்டியிருக்காது, அறைக்கு அறை ஒரு வேலை, நாம் உள்ளே நுழைய வேண்டும். ஜேம்ஸ் டரல் என்பவர் 1983-ல் செய்த ஒரு அறை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருட்டில் ஒரு சரிவில் ஏறிப் போகிறோம், நாற்காலி இருக்கிறது, உட்காருகிறோம். ஒன்றும் தெரியவில்லை. அப்படியொரு இருட்டு. ஐந்து நிமிடம். என் மனைவி காதில் முணுமுணுக்கிறாள், "இருட்டுல உட்காருறதுக்கா இவ்வளவு டிக்கெட்டு?" நான் பேசவில்லை. பத்து நிமிடம் தாண்டியிருக்கும், எதிரே ஏதோ ஒரு மங்கலான சாம்பல் வெளிச்சம், இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது, நேராகப் பார்த்தால் மறைகிறது, ஓரக்கண்ணால் பார்த்தால் வருகிறது. விளக்கு முதலிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நம் கண்தான் அதற்குப் பழகவில்லை. நைட் ஷிப்டு முடித்து வெளியே வந்தால் விடிகாலை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கேட் பக்கம் ஐந்து நிமிடம் நிற்போம், அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெளியே வந்தபோது அவளும் பேசவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அதே இடத்தில் யாயோய் குசாமா என்ற ஜப்பான்காரம்மா 1996-ல் செய்த கண்ணாடி அறைகள். உள்ளே சுற்றிலும் கண்ணாடி, தரையெல்லாம் புள்ளி, நடுவில் பெண் பொம்மைகள், அவற்றின் மேலும் புள்ளி. எதிரெதிரே கண்ணாடி மாட்டிய சலூனில் உட்கார்ந்தால் நம் தலை வரிசையாக முடிவில்லாமல் போகுமே, அதையே நாலு பக்கமும் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் வேட்டியோடு போயிருந்தேன். எங்கே திரும்பினாலும் வேட்டி கட்டிய கிழவன், லட்சம் பேர், எல்லோர் மேலும் புள்ளி. உலகமே அந்தப் புள்ளியைப் பார்க்க வரிசையில் நிற்கிறது. என் மனைவியின் சொந்தக்காரர் வீட்டு அக்கா ஒருவர் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியை விரல் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கி, அடுத்தது, அடுத்தது என்று ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் போட்டு எடுத்து இழுத்தால் முடிச்செல்லாம் பட்பட்டென்று தெறித்து அவிழும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் சுங்குடி என்று கொடுப்பதில் பெரும்பாலானது பிளாக் பிரிண்ட், மெழுகு பிரிண்ட். அந்த அக்காவுக்கு முடிச்சுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று எழுதினால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அவர் வேலையை ஒரு சுவரில் விரித்து வெளிச்சம் போட்டுக் காட்ட மதுரையில் ஒரு அறை உண்டா?

கடைசியாகப் போனதுதான் நான் சொல்ல வந்தது. கேரி ஃபர்னஸ் என்று பெயர், மோனோங்கஹேலா ஆற்றின் கரையில் இரண்டு பெரிய ஊதுலைகள், 1907-ல் கட்டியவை, 92 அடி உயரம். ஓடிய காலத்தில் நாளைக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு இறக்கியிருக்கிறார்கள், அதை உருகிய நிலையிலேயே ரயில் பாலத்தில் அக்கரை ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அனுப்புவார்கள். அந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடி, இன்று ஷாப்பிங் மால், பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருக்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் இந்த ஊதுலைகளை இடிக்கவில்லை. பெயிண்ட் அடிக்கவும் இல்லை. துரு துருவாகவே இருக்கிறது. தலையில் ஹெல்மெட் மாட்டிக் கூட்டிப்போகிறார்கள், எங்களுக்கு வந்த வழிகாட்டியின் அப்பா அங்கேயே வேலை பார்த்தவராம். எங்கே நின்று உலைவாயைத் திறப்பார்கள், சூடு எப்படி அடிக்கும், எந்த இடத்தில் நின்றால் ஆபத்து என்று அவர் சொன்னபோது குரலே வேறாக இருந்தது. நான் மில் ஆள் என்று மகள் சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. சத்தத்தில் காது போனதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை, என் இடது காதைத் தொட்டுக் காட்டினேன், சிரித்தார்.

அந்த இடத்தில் ஒரு மான் தலை நிற்கிறது. சுமார் நாற்பது அடி உயரம். மூடிக் கிடந்த ஆலைக்குள் 1997-ல் சில கலைஞர்கள் யாருக்கும் தெரியாமல் வாராவாரம் நுழைந்து, அங்கேயே கிடந்த குழாய், கம்பியை வளைத்து, சுமார் ஒரு வருடத்தில் செய்தது. அத்துமீறி நுழைந்ததுதான், சட்டப்படி தப்பு. 2006-ல் அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கினார்கள், மானும் அதோடு தப்பித்தது. புல் முளைத்த இரும்புக்கு நடுவில் அது நிமிர்ந்து நின்று பார்ப்பதைப் பார்த்தால், ஆசிரியர் ஐயா, தொண்டையை என்னவோ செய்கிறது. நான் வேலை பார்த்த மில்லின் ரிங் ஃப்ரேம்களை எடை போட்டு லாரியில் ஏற்றிய அன்று நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். கிலோ என்ன விலைக்குப் போனது என்பதுகூடத் தெரியும். ஒரு ஃப்ரேமையாவது விட்டு வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை.

இப்போது மதுரைக்கு வருகிறேன். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததும் முதல் மாதமே பஸ் பிடித்துப் போனேன். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அங்கே சுடுமண் தக்களிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓட்டை போட்ட சின்ன மண் உருண்டை, அதில் குச்சி செருகிச் சுழற்றி நூல் நூற்றிருக்கிறார்கள், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்னால் நான் நின்ற நேரம் கொஞ்ச நஞ்சம் இல்லை. நான் 24 வருடம் பார்த்த வேலை அதுதானே? அது சுழன்றது கையால். என் ஃப்ரேமில் நானூறுக்கும் மேல் ஸ்பிண்டில், அதாவது நூலை முறுக்கிச் சுற்றுகிற இரும்புக் கதிர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல். தொழில் ஒன்றுதான்.

அப்புறம் தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959-ல் நேரு திறந்து வைத்தது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதியில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு கதர் அரைவேட்டிக்கு மாறினார். அவர் ரத்தம் பட்ட துணி அந்த மியூசியத்தில் இருக்கிறது. ஆக, கையால் நூற்றதற்கு மதுரையில் இடம் உண்டு. மண் தக்களிக்குப் பக்கத்துக் கீழடியில் இடம் உண்டு. 1889-ல் ஹார்வி சகோதரர்கள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மில் ஆரம்பித்ததிலிருந்து அடுத்த நூறு வருடம் இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட மில் நூலுக்கு மட்டும் இடம் இல்லை. ஹார்விபட்டி என்று ஒரு ஊரே மில் தொழிலாளிகளுக்காக உண்டானது, திருநகரில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு அது பக்கத்து ஊர். அங்கே இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிட்டு ஹார்வி யார் என்று கேளுங்கள். பஸ் ஸ்டாப் என்பான்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முந்தி. கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளை அங்கே ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. பார்த்துப் பொறாமைப்படலாம்.

நான் கேட்பது பெரிய கட்டிடம் இல்லை. இடிக்கிற மில்லில் ஒரு ஷெட்டை விட்டு வையுங்கள். ஓடுகிற நிலையில் ஒரு ரிங் ஃப்ரேம் கிடைத்தால் நல்லது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை. சங்கு ஒன்று வேண்டும், அதை ஊதிக் காட்ட வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் அது ஊதும்போது மதுரையில் கடிகாரம் பார்த்தவர்கள் குறைவு. சம்பளச் சீட்டு, சங்கத்து நோட்டீஸ், கேட் மீட்டிங் போட்டோ எல்லாம் வீட்டுக்கு வீடு தகர டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். நூல் அறாமல் இருக்க மேலேயிருந்து பனி மாதிரித் தண்ணீர் தெளிப்பார்கள், அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றால் புருவத்தில் பஞ்சு பூத்திருக்கும், அதையும் ஒரு அறையில் செய்து காட்டட்டும், அந்த ஜப்பான்காரம்மா கண்ணாடியில் செய்ததைப் போல. இருமலையும் வைக்க வேண்டும். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து வருகிற இழுப்பு, ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும்தான் அதிகமாக அமுக்கும், டாக்டர்கள் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. என் அப்பாவும் மில் ஆள், அவர் திங்கட்கிழமை இருமல் எனக்கு இன்னும் கேட்கிறது. கார்னகி மாதிரி முதலாளியின் போட்டோவுக்கு மட்டும் மாலை போட்டு வைக்கிற மியூசியம் என்றால் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் அமெரிக்காவுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். மியூசியம் வந்ததால் அந்த ஊர் பிழைத்தது என்று மருமகனின் நண்பர்கள் சொன்னார்கள், நான் நம்பவில்லை. அந்த ஊரைத் தூக்கியது பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரியும். யு.எஸ். ஸ்டீல் கம்பெனி கட்டிய 64 மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இன்று ஒளிர்வது ஆஸ்பத்திரியின் பெயர், அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பிராடக் என்று கொஞ்ச தூரத்தில் ஒரு ஆலை ஊர், அங்கே 1875-ல் ஆரம்பித்த ஆலை இன்னும் ஓடுகிறது, ஆனால் ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் இருந்த ஊரில் இப்போது இரண்டாயிரம்கூட இல்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போனோம், பலகை அடித்த ஜன்னல்கள். வெள்ளிப் பலூன் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், காசு. 1990-களின் நடுவில் அந்த மாவட்டத்தில் விற்பனை வரியோடு ஒரு சதவீதம் கூடுதலாகப் போட்டார்கள். அதில் பாதியை நூலகம், பூங்கா, மியூசியம் போன்றவற்றுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். நூறு டாலர் சாமானுக்கு ஐம்பது சென்ட். வருடா வருடம் யார் காலிலும் விழாமல் அது வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு விளக்கு எரிகிறது.

நம் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றுக்கு, பெயர் வேண்டாம், ஊருக்குத் திரும்பிய பிறகு பேரனைக் கூட்டிப்போனேன், அவன் லீவுக்கு வந்திருந்தான். நாலரை மணிக்கு நுழைந்தோம். "சீக்கிரம் பாருங்க சார், பூட்டணும்" என்று சாவிக்கொத்தோடு ஒருவர் பின்னாலேயே வந்தார். மூன்று சிலைகளுக்கு முன்னால் "தொடாதீர்கள்" என்ற போர்டு இருந்தது, அது என்ன சிலை என்ற போர்டு இல்லை. பேரன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான், பூட்டியிருந்தது. அந்தச் சாவியும் அதே கொத்தில்தான் இருந்தது, ஆனால் அவருக்கு எது என்று தெரியவில்லை. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது, இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். பையன் என்னிடம் கேட்டான், "தாத்தா, இங்க எதைத் தட்டலாம்?"

அதனால் மாநகராட்சியோ, அரசோ, மில் இடத்தை வாங்கி அடுக்குமாடி கட்டுகிறவர்களோ, யாராவது ஒருவர் இதைப் படித்தால், ஒரு ஷெட். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கட்டும். சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பென்சிலும் தாளும் கொடுத்து உட்கார வையுங்கள். வழிகாட்ட ஆள் தேட வேண்டாம், என்னோடு வேலை பார்த்தவர்களில் பதினோரு பேர் இன்னும் திருப்பரங்குன்றம் பக்கம் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், போன வருடம் பதினான்கு பேர் இருந்தோம்.

என் வீட்டுப் பரணில் நாலு மரப் பாபினும், ஒரு தீப்பெட்டி நிறைய டிராவலரும் (ஃப்ரேமில் நூலை வழிநடத்துகிற சின்னக் கம்பி வளையம்), கடைசி ஷிப்டு அன்று நான் ஃப்ரேமிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்த ஒரு ஸ்பிண்டிலும் இருக்கின்றன. அதைத் திருட்டு என்றால் சரி, திருட்டுதான். ஷெட் வந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். ஒரு பாபினில் மட்டும் என் மனைவி தைக்கிற நூல் சுற்றி வைத்திருக்கிறாள், அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
திருநகர், மதுரை.